அறுபத்து நான்கு பைட்டு

லேப்டாப்பின் வன்தட்டைப் பிரித்துப் பார்த்தால் சி டிரைவ் எங்கே முடிகிறது, லினக்ஸ் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கைவைத்துக் காட்ட முடியாது. கண்ணாடிபோல் மினுங்கும் தட்டு, அதன்மேல் ஊசலாடும் ஒரு கை, அவ்வளவுதான். கோடோ கீறலோ எதுவும் இல்லை. வயல் என்றால் வரப்பு இருக்கும். வரப்பை யாராவது வெட்டிப் போட்டாலும் சர்வே கல் இருக்கும். இங்கே பட்டா மட்டும்தான். பழைய முறைப்படி பிரித்த வட்டில் அந்தப் பட்டா முதல் செக்டாரிலேயே இருக்கிறது. செக்டார் 512 பைட்டு. அதில் முதல் 446 பைட்டு கணினியை எழுப்பிவிடும் நிரலுக்கு, கடைசி 2 பைட்டு அடையாள முத்திரைக்கு. இடையில் மிச்சம் 64 பைட்டு. ஐந்நூறு ஜிபி வட்டில் யாருக்கு எவ்வளவு என்று சொல்வது அந்த 64 பைட்டுதான்.

இது 1983ஆம் ஆண்டின் ஏற்பாடு. அந்த மார்ச்சில் ஐபிஎம் தன் பிசி எக்ஸ்டி கணினியை 10 எம்பி வன்தட்டோடு வெளியிட்டது. கூடவே டாஸ் 2.0 வந்தது. 64 பைட்டில் நான்கு பதிவுகள், ஒவ்வொன்றும் 16 பைட்டு. இன்று ஒரு புகைப்படமே 10 எம்பி ஆகிறது. அத்தனை சிறிய வட்டை நான்காகப் பிரிக்க என்ன தேவை வந்தது? டாஸுக்கு அது தேவைப்படவில்லை. அன்றைய டாஸ் ஒரு வட்டில் ஒரேயொரு பிரிவை, அதாவது பார்ட்டிஷனைத்தான் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரிந்தது. மற்ற மூன்று இடங்களும் டாஸ் அல்லாதவற்றுக்கு. 1981இல் ஐபிஎம் பிசி வந்தபோதே அதற்கு டாஸ், சிபி/எம்-86, யூசிஎஸ்டி பி-சிஸ்டம் என்று மூன்று இயங்குதளங்களை அறிவித்திருந்தார்கள். எது நிலைக்கும் என்று தெரியாத காலம். ஆகவே யார் வந்தாலும் இடம் இருக்கட்டும் என்று பட்டியல் போட்டார்கள்.

நாம் பார்ட்டிஷனை அறிந்துகொண்ட விதம் வேறு. சி டிரைவில் விண்டோஸ், டி டிரைவில் பாட்டும் படமும். சி-யை ஃபார்மட் அடித்தாலும் டி பிழைத்துக்கொள்ளும். கடைக்காரர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அந்தப் பயன் பின்னால் வந்து சேர்ந்தது. இந்த அட்டவணை பிறந்ததே ஒன்றையொன்று அறியாத இயங்குதளங்கள் ஒரே வட்டில் குடியிருப்பதற்காக என்பது எனக்கு முக்கியமான செய்தி. இரட்டை இயங்குதளம் என்பதை ஏதோ ஆர்வக்கோளாறான மாணவர்கள் செய்யும் வேலையாகப் பேசுகிறவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அந்த 16 பைட்டுக்குள் இருப்பது மிகக் கொஞ்சம்: எங்கே தொடக்கம், எத்தனை செக்டார், இதிலிருந்துதான் எழ வேண்டுமா என்று ஒரு குறி, பிறகு வகையைச் சொல்லும் ஒரே ஒரு பைட்டு. பதினாறடிமானத்தில் 07 என்றால் என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ். 83 என்றால் லினக்ஸ். விண்டோஸ் எழும்போது இந்தப் பட்டியலைப் படிக்கிறது. 83ஐப் பார்த்ததும் அந்த இடத்துக்கு எழுத்துப் பெயர் கொடுக்காமல் தாண்டிப் போகிறது. அந்த இடத்தைப் படிக்க விண்டோஸுக்குக் கை கட்டிப்போடப்படவில்லை. வட்டின் எந்த செக்டாரையும் அதனால் எழுதவும் அழிக்கவும் முடியும். இருந்தும் தொடுவதில்லை. ‘எனக்குத் தெரியாத எண், ஆகவே எனக்குரிய இடமில்லை’ என்ற ஒரே ஒழுக்கம்தான் இரண்டையும் அருகருகே வைத்திருக்கிறது. பூட்டு கிடையாது, காவல் கிடையாது. பார்ட்டிஷனைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இதைத்தான்: அது சுவர் அல்ல, எல்லாரும் மதித்தால் மட்டுமே நிற்கும் ஓர் உடன்பாடு.

உடன்பாடு எங்கே சறுக்கும் என்பதற்கு 82 என்ற எண் போதும். லினக்ஸ் தன் ஸ்வாப் இடத்துக்கு, அதாவது நினைவகம் போதாதபோது பயன்படுத்தும் இடத்துக்கு, 82ஐ எடுத்துக்கொண்டது. இன்டெல் கணினிகளுக்கான சோலாரிஸும் தன் முழு இயங்குதளத்துக்கு அதே 82ஐ வைத்திருந்தது. இந்த எண்களை வழங்க ஒரு மத்திய அலுவலகம் இருந்ததே இல்லை. ஆண்ட்ரீஸ் பிரவுவர் என்ற நெதர்லாந்துக்காரர் யார் எந்த எண்ணைப் பயன்படுத்துகிறார் என்று தானாகத் தொகுத்து வைத்த பட்டியல்தான் பலருக்கும் ஆதாரம். சோலாரிஸ் இருந்த கணினியில் லினக்ஸ் ஏற்றியவர்களுக்கு அபாயம் காத்திருந்தது. லினக்ஸ் நிறுவி அந்த 82ஐப் பார்த்து, இது நம் ஸ்வாப் என்று நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொள்ளும். ஸ்வாப்பில் மதிப்புள்ள எதுவும் இருக்காது என்பதால் அதன்மேல் தயங்காமல் எழுதும். சோலாரிஸ் 10 வேறு எண்ணுக்கு மாறிய பிறகுதான் இந்தச் சிக்கல் ஓய்ந்தது. இரண்டு பக்கமும் தீய எண்ணம் இல்லை. ஒரு பைட்டு ஒத்துப்போனதுதான் குற்றம்.

லினக்ஸே இப்படியொரு விபத்தின் துணையோடுதான் தன் காலில் நின்றது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் 386 கணினியில் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே தன் நிரலை வளர்த்துவந்தார். ஒருநாள் பல்கலைக்கழகக் கணினிக்கு மோடம் வழியாகத் தொலைபேசி அழைப்பு போட நினைத்து, கட்டளைகளை மோடத்துக்குப் பதிலாக வன்தட்டுக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் பார்ட்டிஷன் சிதைந்தது. மினிக்ஸை மறுபடி ஏற்றுவதா, தன் அரைகுறைக் குழந்தையை நம்பி இறங்குவதா என்ற கேள்வி வந்தபோது அவர் இரண்டாவதைத் தேர்ந்தார் என்று தன்வரலாற்று நூலில் சொல்கிறார்.

நான்கு பதிவுகள் என்ற கணக்கு ஏறக்குறைய முப்பது வருடம் கழித்து நம் பிள்ளைகளைப் படுத்தியது. விண்டோஸ் 7 காலத்து லேப்டாப்புகளில் கடையிலிருந்து வரும்போதே நான்கும் நிரம்பியிருக்கும்: எழுப்புவதற்கான 100 எம்பி, சி டிரைவ், மீட்புக்கான ரெக்கவரி, தயாரிப்பாளரின் கருவிகள் அல்லது ஒரு டி. ஐந்தாவதற்கு இடமே இல்லை. கல்லூரிகளில் நடந்த லினக்ஸ் நிறுவல் முகாம்களில் உதவிக்கு நின்றவர்கள் எல்லாருக்கும் இந்தக் காட்சி பழக்கம். வட்டில் இருநூறு ஜிபி காலியாக இருக்கும், ஆனால் உபுண்டு லினக்ஸ் நிறுவியின் திரையில் அந்தக் காலியிடத்துக்கு எதிரே ‘பயன்படுத்த இயலாது’ என்று எழுதியிருக்கும்.

“அண்ணா, இடம் இருக்கே, ஏன் முடியாதுங்குது?” என்று கேட்டார் ஒரு மூன்றாம் ஆண்டு மாணவி.

“இடம் இருக்கு. அதைப் பட்டியல்ல எழுதத்தான் வரி இல்ல. நாலு வரியும் முடிஞ்சிடுச்சு.”

“அந்த ரெக்கவரியை எடுத்துடலாமா? எடுத்தா வாரண்டி போயிடும்னு கடையில சொன்னாங்க.”

“அது இருக்கட்டும். டி-ல என்ன இருக்கு?”

“அப்பா எடுத்த ஃபோட்டோ எல்லாம் அதுலதான்.”

அந்தப் படங்களை முதலில் வெளி வன்தட்டுக்கு நகல் எடுத்தோம். நகல் எடுத்ததை அவரே ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்தார். அதுவரை நாங்கள் எதையும் தொடவில்லை. பிறகு டி-யை நீக்கி, அந்த நான்காவது வரியில் ‘நீட்டிப்பு’ வகையை எழுதினோம். அது ஒரு பார்ட்டிஷனாகத் தெரிந்தாலும், உள்ளே எத்தனையோ தருக்கப் பிரிவுகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போகலாம்: ஒவ்வொரு பிரிவின் தலைப்பிலும் அடுத்தது எங்கே என்று எழுதியிருக்கும். பழைய டி-யும் புதிய லினக்ஸும் அதற்குள் போய் உட்கார்ந்தன. லினக்ஸில் இந்தப் பிரிவுகளின் எண் ஐந்திலிருந்துதான் தொடங்கும், நான்கு வரை முதன்மைக்கு ஒதுக்கியிருப்பதால். ஒரு காலத்தில் பார்ட்டிஷன் எண்ணைப் பார்த்தே அந்த லேப்டாப் என்ன பாடுபட்டது என்று சொல்லிவிடலாம்.

அதே இக்கட்டில் விண்டோஸின் வட்டு மேலாண்மைத் திரைக்குப் போய் ஐந்தாவதை உருவாக்கச் சொன்னால், வட்டை ‘டைனமிக்’ ஆக மாற்றட்டுமா என்று அது கேட்கும். பலர் படிக்காமல் சரி என்று சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டில் லினக்ஸ் நிறுவிக்கு வழி அடைபட்டதுபோலத்தான். முகாமுக்கு வந்தவர்களில் மிகுந்த வருத்தத்தோடு திரும்பியவர்கள் இவர்கள்.

பிரிக்கும் வேலையில் என் மனம் நிற்பது ஜிபார்ட்டெட் என்ற பிரிப்புக் கருவியின் திரையில்தான். வட்டு ஒரு நீளப் பட்டையாகத் தெரியும். ஒவ்வொரு பிரிவும் தன் வகைக்குரிய நிறத்தில் கட்டமிட்டு நிற்கும். கட்டத்துக்குள் மஞ்சள் பகுதி நிரம்பிய இடம், வெள்ளை காலி. கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் சுருங்குகிறது. ஆனால் வட்டில் இன்னும் எதுவும் நடக்கவில்லை. நாம் கேட்டதெல்லாம் கீழே வரிசையாக எழுதப்பட்டுக் காத்திருக்கும். செயல்படுத்து என்ற பொத்தானை அழுத்தினால்தான் வேலை தொடங்கும். அதுவரை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறலாம். கணினி நிரல்களில் இத்தனை மரியாதையோடு பயனரை யோசிக்கவிடும் திரைகள் குறைவு.

சுருக்குவதில் ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக்கூடாது. முதலில் கோப்பமைப்பு தன் பொருள்களை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் அட்டவணையில் எல்லையைக் குறைத்து எழுதலாம். பெரிதாக்கும்போது தலைகீழ்: முதலில் எல்லை, பிறகு கோப்பமைப்பு. விண்டோஸ் தன் சி டிரைவைச் சுருக்கும்போது பாதி வழியில் நின்றுவிடுவதும் இதனால்தான். பேஜ் கோப்பு, உறக்கநிலைக் கோப்பு, என்டிஎஃப்எஸ்-இன் தலைமைப் பட்டியல் இவையெல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும்போது நகர மாட்டா. நடுவில் ஒன்று உட்கார்ந்திருந்தால் அதற்கு இந்தப் பக்கம் வர முடியாது. நீக்குவது மட்டும் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இருநூறு ஜிபி பிரிவை நீக்கினாலும் மாறுவது 16 பைட்டுதான். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் கிறிஸ்டோஃப் கிரெனியர் எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியால் தொலைந்த பிரிவுகளை மீட்க முடிகிறது. அது வட்டு முழுவதும் நடந்து, கோப்பமைப்புகளின் தலைப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து, பட்டியலைத் திரும்ப எழுதுகிறது. எல்லாம் போய்விட்டது என்று அழுதவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது, அதன்மேல் எதையும் எழுதாதீர்கள் என்பதைத்தான்.

பிரிவின் தொடக்கத்தையே நகர்த்துவதானால் நிலைமை வேறு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு செக்டாரையும் தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். மணிக்கணக்காகும். 2012இல் சென்னைக்கு வெளியே மின்வெட்டு ஒரு நாளில் பல மணி நேரம் நீண்ட காலத்தில், யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இதைத் தொடங்க யாருக்கும் துணிச்சல் வராது. பேட்டரி உள்ள லேப்டாப் வந்ததுதான் நம் ஊர்களில் இந்த வேலையைச் சாத்தியமாக்கியது என்பது என் எண்ணம்.

லேப்டாப் பரவலாக வந்த விதமும் இதோடு சேர்ந்ததே. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மாணவர் கைக்கு வந்த அந்தக் கருவிகளில் ஒரே வன்தட்டில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. உலகில் எத்தனை அரசுகள் இப்படிப் பள்ளிப் பிள்ளைக்கு இரண்டு இயங்குதளங்களைப் பிரித்துக் கையில் கொடுத்திருக்கும்? ஸ்டார்ட்டர் பதிப்பில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது. மறுபக்கம் பாஸில் இயங்குதளத்தின் மையமான கர்னல் வரை திறந்து பார்க்கலாம், மாற்றலாம். கருவியை இயக்கியதும் வரும் பட்டியலில் ஓர் அம்புக்குறி கீழே இறங்கினால் போதும்.

இறங்கச் சொல்லித்தர ஆள் இல்லை. நான் பார்த்த பல லேப்டாப்புகள் வீட்டுக்கு வந்த சில மாதங்களில் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய், வட்டு முழுக்கத் துடைக்கப்பட்டு, திருட்டு விண்டோஸ் அல்டிமேட் ஏறித் திரும்பின. பாஸ் இருந்த பகுதி படம் வைக்கும் டி டிரைவ் ஆனது. பிள்ளைகளைக் குறைசொல்ல மாட்டேன். பாடப்புத்தகத்திலும் தேர்விலும் பக்கத்து வீட்டிலும் இல்லாத ஒன்றை அவர்கள் எதற்காக வைத்திருக்க வேண்டும்? வட்டில் இடம் ஒதுக்கிய அரசு, பாடவேளையில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இருந்தாலும் அந்தப் பட்டியலில் தெரியாமல் கீழே இறங்கிவிட்டு, இதென்ன என்று உள்ளே போன சிலரை எனக்குத் தெரியும். நிரல் எழுதிப் பிழைப்பவர்களாக இருக்கிறார்கள்.

இரண்டையும் வைத்திருந்தவர்களுக்குக் கடிகாரம் ஒரு தொல்லை கொடுத்திருக்கும். லினக்ஸிலிருந்து வெளியேறி விண்டோஸுக்குள் போனால் நேரம் ஐந்தரை மணி பின்னால் நிற்கும். தாய்ப்பலகையிலுள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலக நேரத்தை வைக்கிறது, இந்திய நேரத்தைத் தானே கூட்டிக் காட்டுகிறது. விண்டோஸோ அந்தக் கடிகாரம் சொல்வதே உள்ளூர் நேரம் என்று நம்புகிறது. வட்டைப் பிரித்துக்கொடுத்தாயிற்று, கடிகாரத்தைப் பிரிக்க முடியாது. லினக்ஸிடம் ஒரு வரி சொல்லி உள்ளூர் நேரத்துக்கு இணங்கச் செய்வதுதான் பெரும்பாலோர் வழி.

இணங்கிப்போவது பெரும்பாலும் ஒரு பக்கம்தான் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. விண்டோஸை மறுபடி ஏற்றினால் அது அந்த 446 பைட்டு எழுப்புநிரலைக் கேட்காமலே மாற்றி எழுதும். லினக்ஸின் எழுப்புநிரலான க்ரப் போய்விடும். லினக்ஸ் பிரிவு பத்திரமாக இருந்தும், வாசல் இல்லாததால் அழிந்துவிட்டது என்றே பலரும் நினைப்பார்கள். லினக்ஸோ ஏறும்போது விண்டோஸைத் தேடிக் கண்டுபிடித்துத் தன் பட்டியலில் சேர்க்கும். விண்டோஸ் 8 முதல் ‘வேகத் தொடக்கம்’ வந்தது: அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் தன் கர்னலை உறங்கவைக்கிறது. அந்த நிலையில் அதன் என்டிஎஃப்எஸ் பிரிவில் வேறொருவர் எழுதினால், விழித்தெழும் விண்டோஸ் பழைய நினைவை வைத்துக்கொண்டு கோப்புகளைச் சிதைக்கும். ஆகவே லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் திறக்கிறது, எழுத மறுக்கிறது. முதல் செக்டாருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே கிடந்த புறம்போக்கிலும் சண்டை நடந்திருக்கிறது. யாருடைய பட்டாவிலும் இல்லாத அந்தச் செக்டார்களில் க்ரப் தன் நிரலை வைத்தது. விண்டோஸில் ஓடிய சில விலைமிக்க மென்பொருள்களின் உரிமச் சரிபார்ப்பு நிரலும் அங்கேயே தன் குறிப்பை எழுதியது. லினக்ஸ் எழவில்லை. க்ரப்பை எழுதியவர்கள் வழக்குப் பேசிக்கொண்டிராமல், கெட்டுப்போன சில செக்டார்களைத் தாங்கிக்கொள்ளும் பிழைதிருத்தத்தைத் தங்கள் நிரலில் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போதைய லேப்டாப்புகளில் ஜிபிடி என்ற புதிய அட்டவணை. 128 பதிவுகள், வட்டின் கடைசியில் ஒரு நகல், பிழை சரிபார்க்கும் எண். பழைய அட்டவணையின் இரண்டு டிபி வரம்பும் நான்கு வரிப் பஞ்சமும் தீர்ந்தன. ஒரு பைட்டு வகைக்குப் பதிலாக 16 பைட்டு நீள அடையாளம் வந்ததால் 82 போன்ற மோதலுக்கு வாய்ப்பில்லை என்று நினைத்தோம். ஆனால் லினக்ஸ் கருவிகள் தொடக்கத்தில் விண்டோஸின் தரவுப் பிரிவுக்குரிய அடையாளத்தையே தமக்கும் எடுத்துக்கொண்டன. விளைவு, விண்டோஸ் லினக்ஸ் பிரிவைத் தன்னுடையதாக எண்ணி, படிக்க முடியாமல், இதை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. ஜிடிஸ்க் கருவியை எழுதிய ராட் ஸ்மித் லினக்ஸுக்கெனத் தனி அடையாளம் ஒன்றை உருவாக்கிய பிறகே அது தீர்ந்தது.

எஸ்எஸ்டி வந்ததும் கோடு இன்னும் மெலிந்தது. சுழலும் தட்டிலாவது முதல் பிரிவு வெளி விளிம்பில், வேகமான இடத்தில் இருந்தது. எஸ்எஸ்டியில் அதன் கட்டுப்பாட்டுச் சில்லு எல்லாவற்றையும் தன் வசதிப்படி சிதறிவைக்கிறது. விண்டோஸின் பக்கமும் லினக்ஸின் பக்கமும் சில்லுக்குள் கலந்தே கிடக்கின்றன. பிரிவினை எண்களில் மட்டும்.

இதற்கெல்லாம் தேவையே இல்லை, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கிடைக்கிறதே என்கிறார்கள். 2016 முதல் மைக்ரோசாஃப்ட் அதைத் தருகிறது. வகுப்பில் கற்றுக்கொடுக்க நானே அதைப் பரிந்துரைத்திருக்கிறேன். நன்றாகவே ஓடுகிறது. ஆனால் அங்கே லினக்ஸ் சி டிரைவில் உள்ள ஒரு கோப்பு. விண்டோஸ் எழுந்தால்தான் அது எழும். விண்டோஸ் பிரிவு போனால் கூடவே போகும். பிரிக்கப்பட்ட வட்டில் இரண்டும் வெறும் வன்பொருளின்மேல் நின்று எழுகின்றன, ஒன்றின் தயவில் மற்றது இல்லை. ஒரு மாணவருக்கு இந்த வேறுபாடு புரிவது முக்கியம் என்றே நினைக்கிறேன். தன் கருவி எந்த வரிசையில் எழுகிறது, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தவரை எந்த நிறுவனமும் எளிதில் ஏய்க்க முடியாது.

2024 ஆகஸ்ட் 13 அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்பு பலருடைய லினக்ஸை எழவிடாமல் செய்தது. பாதுகாப்பில் பின்தங்கிய பழைய எழுப்புநிரல்களைத் தடுப்பது நோக்கம். இரட்டை இயங்குதளம் உள்ள கணினிகளைத் தொடாது என்று சொல்லியிருந்தார்கள், தொட்டது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்குத் தகுதியில்லாத, ஆனால் நன்றாக ஓடுகிற லேப்டாப்புகள் நம் வீடுகளில் நிறைய இருக்கின்றன. ஒரேயடியாக மாறத் தயங்குகிறவர்கள் சி டிரைவைச் சுருக்கி ஐம்பது ஜிபி விட்டுக்கொடுத்தால் லினக்ஸ் தாராளமாக உட்காரும். வேகத் தொடக்கத்தை முதலில் அணைத்துவிடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்பு எண்ணைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். படங்களையும் ஆவணங்களையும் வெளி வட்டில் நகல் எடுத்து, திறந்து பார்த்துவிட்டு, அப்புறம் தொடங்குங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். லினக்ஸில் எஸ்எஃப்டிஸ்க் என்ற கட்டளை வட்டின் அட்டவணையை வெறும் எழுத்தாகக் கொட்டித் தரும். சில வரிகள்தான்: எந்தச் செக்டாரில் தொடக்கம், எத்தனை செக்டார் நீளம், என்ன வகை. அதை அச்செடுத்து லேப்டாப் ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணை என்றைக்காவது அழிந்தால், டெஸ்ட்டிஸ்க் வட்டு முழுக்க அலைந்து தேடும் எண்களை அந்தத் தாளைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் தட்டச்சு செய்துவிடலாம்.